பங்காரு வாய்க்கால்: எல்லை கடந்து வரும் தண்ணீரின் வரலாறு

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு வட்டாரங்களுள் பெரியதான புதுச்சேரி வட்டாரம் ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. எனினும் அது ஒரே துண்டாக அமைந்த நிலமன்று. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்கிடையே தீவுகள் போலச் சிதறிக் கிடக்கும் அதன் உட்பகுதியில்தான் வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய கொம்யூன்கள் உள்ளன. கொம்யூன் என்பது 1880 மார்ச் 12ஆம் நாளைய பிரெஞ்சு ஆணையால் உருவான உள்ளாட்சி அலகு. அதுவே இன்று கொம்யூன் பஞ்சாயத்து என்னும் பெயரில் தொடர்கிறது. இந்தக் கொம்யூன்களின் நன்செய் நிலங்கள் இரண்டு ஆறுகளை நம்பியே உருவானவை. வடக்கே செஞ்சி மலைப்பகுதியில் பிறந்து வீடூர், திருவக்கரை, வில்லியனூர் வழியாகச் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தில் கடலை அடையும் சங்கராபரணியும், தெற்கே கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றிக் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களைக் கடந்து வரும் தென்பெண்ணையும் அவை. இரண்டுமே புதுச்சேரி மண்ணில் பிறப்பவை அல்ல. இரண்டும் தம் பயணத்தின் கடைசிக் கட்டத்தில்தான் இம்மண்ணைத் தொடுகின்றன.

இவ்வட்டாரத்தில் 84 ஏரிகள் உள்ளன என்பது பொதுப்பணித்துறையின் கணக்கு. அவற்றுள் 59 ஏரிகள் ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் பெறுபவை. எஞ்சிய 25 ஏரிகள் தம்மைச் சுற்றியுள்ள மேட்டுநிலத்தில் விழும் மழையை மட்டுமே நம்பியவை. இந்தப் பிரிவினை வெறும் வகைப்பாடாகத் தோன்றினாலும், இக்கட்டுரை பேசவந்த செய்தியின் வேர் அதில்தான் இருக்கிறது. மழையேரிக்கு வானம் பொய்த்தால் மட்டுமே கேடு. ஆற்றேரிக்கோ வானத்தோடு, வாய்க்கால் தலைப்பில் மதகைத் திறந்து மூடுபவர், வாய்க்கால் கடந்துவரும் ஊர்கள், அவ்வூர்களை ஆளும் அரசு ஆகிய எல்லாரும் ஒத்துவர வேண்டும். பாகூர் ஏரியின் வரலாறு இந்த ஒத்துவருதலின் வரலாறே ஆகும்.

பாகூரின் வேளாண் பழமைக்கு உறுதியான சான்று, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள். கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இச்சாசனம், பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்களின் வருவாய் அறக்கொடையாக வழங்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. ஆசிரியரையும் மாணவரையும் ஆண்டு முழுவதும் தாங்கும் அளவுக்கு மூன்று ஊர்கள் நெல் அளக்க முடிந்தது என்றால், அவற்றின் வயல்களுக்கு நம்பத்தக்க நீர்வழி அன்றே இருந்திருக்க வேண்டும் என்று கருதுவதில் தவறில்லை. செப்பேடு கல்வியின் வரலாற்றுக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. அக்கல்விக்குச் சோறிட்ட நன்செயைப் பற்றிப் பேசியவர் குறைவு. பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகளும், தொண்டை மண்டலத்தை வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் காலக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. ஆட்சிகள் மாறினும் ஊர் வளம் குன்றாமல் இருந்ததற்கு அவை சான்று. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரை இன்றும் அழைப்பதில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உண்மை பொதிந்திருக்கிறது.

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து நீர் கொண்டுவரும் கால்வாய்க்குப் பங்காரு வாய்க்கால் என்று பெயர். பங்காரி, சிங்காரி என்னும் இரு தேவரடியார்கள் தம் செல்வத்தைச் செலவிட்டு நீர்நிலைகளை வெட்டுவித்தனர் என்றும், பங்காரி வெட்டுவித்ததே இவ்வாய்க்கால் என்றும் ஊர்வழக்கு கூறுகிறது. தெலுங்கில் பங்காரு என்றால் பொன். விசயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களில் அம்மொழி இவ்வட்டாரத்தின் நிர்வாகத்தில் ஆழ வேரூன்றியிருந்தது என்பதையும் இப்பெயரோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். புதுச்சேரிக்கு மேற்கே முத்திரப்பாளையத்தில், தன் மாளிகையை இடித்துவிட்டு அவ்விடத்தில் குளம் வெட்டிய ஆயி என்னும் பெண்ணின் கதை வழங்குகிறது. 1860களில் பிரெஞ்சுப் பொறியாளர் லமெரேசு அங்கிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, அதன் நினைவாகக் கட்டப்பட்ட மண்டபம் அப்பெண்ணின் பெயரையே பெற்றது. இக்கதைகளைக் கல்வெட்டுக்கு நிகரான சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும், தண்ணீருக்குச் செலவிட்டவரையே ஊர் தலைமுறை தலைமுறையாகப் பெயர் சொல்லி நினைக்கிறது என்பதும், அப்படி நினைக்கப்படுபவர்கள் பெரும்பாலும் அரசர்கள் அல்லர் என்பதும் அவற்றிலிருந்து தெளிவாகும்.

பங்காரு வாய்க்காலின் தலைப்பு, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் சொர்ணாவூர் அருகே தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்டுள்ள அணைக்கட்டில் இருக்கிறது. அணை, அணைக்கட்டு ஆகிய இரு சொற்களும் பேச்சுவழக்கில் ஒன்றாகவே புழங்கினாலும் பாசனவியலில் அவற்றின் வேறுபாடு பெரிது. அணை நீரைத் தேக்கிவைக்கும். அணைக்கட்டு நீரைத் தேக்குவதில்லை. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டப்பட்ட அச்சுவர், ஓடிவரும் நீரின் மட்டத்தைச் சில அடிகள் உயர்த்திக் கரையோரத் தலைமதகின் வாய்க்கு எட்டச் செய்கிறது. மிகுந்த நீர் சுவரின் மேல் வழிந்து கடலை நோக்கிப் போகிறது. எனவே ஆற்றில் நீர் வரும் நாள்களில் தலைமதகின் பலகை ஏற்றப்படாமற்போனால், அந்நீர் ஏரிக்கு உரியதாக இருந்தும் கடலுக்குப் போய்விடும். ஒரு வாரம் கழித்துத் திறப்பதால் ஆகப்போவது எதுவுமில்லை.

தலைமதகைத் தாண்டியபின் வாய்க்கால் முதலில் தமிழ்நாட்டு நிலத்தின் ஊடே ஓடி, பிறகு எல்லையைக் கடந்து பாகூர்ப் பகுதிக்குள் நுழைகிறது. அதன் சரிவு மிகக் குறைவு. கடலோரச் சமவெளியில் வாட்டம், அதாவது நீர் தானே ஓடுவதற்குத் தேவையான சாய்வு, கிலோமீட்டருக்குச் சில அங்குலங்களே கிடைக்கும் என்பதால், அடியில் ஒரு முழம் வண்டல் படிந்தாலும் நீர் எதிர்த்து நின்றுவிடும். கரையோரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு வேரூன்றினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. இளஞ்சிவப்புப் பூவோடு பார்வைக்கு அழகாக இருக்கும் அச்செடி, ஒடிந்து விழுந்த தண்டிலிருந்தும் முளைத்துப் புதராகி, ஓடும் நீரைச் சல்லடைபோல் மறித்து, தன் காலடியில் மண்ணைச் சேர்த்துக்கொள்ளும். சீமைக்கருவேலும் ஆகாயத்தாமரையும் அதற்குத் துணைபோகும். வாய்க்காலைப் பற்றிய எந்த உடன்பாட்டுக்கும், எந்த ஆணைக்கும் இச்செடிகள் கட்டுப்படுவதில்லை. மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் மட்டுமே கட்டுப்படும்.

இவ்வாய்க்கால் இரு ஆட்சிகளுக்கிடையே சிக்கியது 18ஆம் நூற்றாண்டின் அரசியலால். கர்நாடக நவாப் பதவிக்கான போட்டியில் தமக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு, 1749ஆம் ஆண்டை ஒட்டிச் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் ஊர்களை வழங்கினர். 1752இல் அதே பாகூர் வெளியில் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 முதல் ஆங்கிலேயர் கையில் நான்கு முறை விழுந்த புதுச்சேரி, 1814ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கையின்படி 1816இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அதன் எல்லைகள் இன்று காணப்படும் சிதறிய வடிவத்தைப் பெற்றன. இந்தக் கொடைகளிலும் உடன்படிக்கைகளிலும் கைமாறியவை வரி தரும் ஊர்களே. ஊருக்கு நீர் தரும் வாய்க்காலின் தலைப்பு எங்கே இருக்கிறது, அது எவர் நிலத்தின் வழியே வருகிறது என்று அவற்றை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஏரி பிரெஞ்சு நிலத்திலும், அணைக்கட்டு பிரிட்டிஷ் நிலத்திலும் அமைந்தன. ஊரை வழங்கியவர்கள் அதன் தண்ணீரை வழங்க மறந்தனர் என்பதே இவ்வட்டாரத்தின் நீர்ச்சிக்கல் அனைத்துக்கும் தொடக்கம்.

பிரெஞ்சு நிர்வாகம் தன் எல்லைக்குள் பாசனத்தைச் சீராகவே கவனித்தது என்று சொல்ல வேண்டும். 1854ஆம் ஆண்டின் ஆணையால் பயிரிடுவோருக்கு நிலத்தின் முழு உடைமை கிடைத்தது. பின்னர் நில உடைமையாளர்கள் சேர்ந்து நீரையும் பராமரிப்பையும் பொறுப்பேற்கும் வேளாண் சங்கங்களும், ‘கேஸ் கொமூன்’ எனப்பட்ட பொது நிதி அமைப்புகளும் உருவாயின. ஆயக்கட்டுக்காரர், அதாவது ஒரு ஏரியின் பாசனத்துக்கு உட்பட்ட நிலமுடையவர், தம் நிலப்பரப்புக்கு ஏற்பப் பணம் கட்ட, அப்பணத்தில் மதகும் கரையும் வாய்க்காலும் செப்பனிடப்பட்டன. தமிழ்நாட்டுப் பக்கம் குடிமராமத்து என்னும் பழைய கூட்டுழைப்பு முறை நலிந்துகொண்டிருந்த காலத்தில், எல்லைக்கு இப்பால் அதற்கு எழுத்துவடிவம் தரப்பட்டது குறிப்பிடத்தக்கது. நிலத்தை அளப்பதில்கூட இரு பக்கங்களும் வேறுபட்டன: அப்பால் ஏக்கரும் சென்டும் வழங்க, இப்பால் பட்டாவில் ஹெக்டேரும் ஆரும் எழுதப்பட்டன, வயலில் நிற்பவரோ குழிக்கணக்கிலும், நூறு குழி கொண்ட காணிக்கணக்கிலும் பேசினார்.

ஆனால் எத்தனை ஒழுங்கான சங்கமும் தன் எல்லைக்கு வெளியே உள்ள மதகைத் திறக்க முடியாது. இதற்குத் தீர்வாக 1910இல் பிரெஞ்சு இந்திய நிர்வாகத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே, சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர்ப் பகுதிக்கு நீர்விடுவது குறித்த உடன்பாடு ஏற்பட்டது. இரு ஐரோப்பியப் பேரரசுகளின் பெயரால் கையெழுத்தானாலும், உள்ளடக்கத்தில் அது ஒரு வாய்க்காலைப் பற்றிய ஊர்ப்பொது ஒப்பந்தம் போன்றதே. பிரெஞ்சு ஆட்சியும் பிரிட்டிஷ் ஆட்சியும் மறைந்து பல பத்தாண்டுகள் ஆனபின்னும், பாகூர் விவசாயிகள் தண்ணீர் கேட்டு எழும்போதெல்லாம் சுட்டிக்காட்டுவது அந்த 1910ஆம் ஆண்டையே.

அந்த உடன்பாட்டை அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முந்திய மற்றோர் உடன்பாட்டோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் அதன் முழுப் பொருள் புலப்படும். 1892இல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட ஒப்பந்தம், இரண்டுக்கும் பொதுவான ஆறுகளில் மைசூர் புதிய பாசனப்பணி தொடங்குமுன் சென்னையின் இசைவைப் பெற வேண்டும் என்று விதித்தது. அவ்வாறுகளின் வரிசையில் தென்பெண்ணையும் இடம்பெற்றிருந்தது. பாசனமொழியில் வாய்க்காலின் தொடக்கத்திலுள்ள நிலத்தைத் தலைமடை என்றும், இறுதியிலுள்ளதைக் கடைமடை என்றும் வழங்குவர். தலைமடைக்காரர் கை நீட்டினால் தண்ணீர். கடைமடைக்காரர் கண் நீட்டிக் காத்திருக்க வேண்டும். தென்பெண்ணையின் மேற்புறத்தில் சென்னை மாகாணம் கடைமடைக்காரராக நின்று மைசூரிடம் உரிமை கோரியது. அதே ஆற்றின் கீழ்ப்புறத்தில் அதுவே தலைமடைக்காரராக நின்று பாகூருக்குப் பொறுப்பேற்றது. கடைமடையின் துயரத்தை அறிந்த ஓர் அரசு தலைமடையில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி நூறாண்டுக்கும் மேலாக இந்த ஆற்றோடு சேர்ந்தே ஓடிவருகிறது.

1954 அக்டோபர் 18ஆம் நாள், வில்லியனூர்ப் பகுதியிலுள்ள கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. சுங்கச்சாவடிகள் மறைந்தன. ஆனால் எல்லைக்கோடு மறையவில்லை. அயல்நாட்டு எல்லையாக இருந்தது மாநில எல்லையாகப் பெயர் மாறியது மட்டுமே நடந்தது. ஏரிக்கும் அணைக்கட்டுக்கும் இடையே அக்கோடு அப்படியே நின்றது.

அதே ஆண்டுகளில்தான் இரு ஆறுகளின் மேற்பகுதியிலும் பெரிய நீர்த்தேக்கங்கள் எழுந்தன. தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணையும், 1958இல் 7,321 மில்லியன் கன அடிக் கொள்ளளவோடு சாத்தனூர் அணையும் பயன்பாட்டுக்கு வந்தன. ஒரு மில்லியன் கன அடி என்பது பத்து இலட்சம் கன அடி. சங்கராபரணியில் வராக நதியும் தொண்டியாறும் கூடும் இடத்தில், 1958–59இல் வீடூர் அணை கட்டப்பட்டது. 32 அடி உயரத்துக்கு 605 மில்லியன் கன அடி நீரைத் தேக்கும் அந்த அணையின் ஆயக்கட்டு 3,200 ஏக்கர். அதில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டிலும் 1,000 ஏக்கர் புதுச்சேரியிலும் உள்ளன. அயல்நிலத்து ஆயிரம் ஏக்கரைத் தொடக்கத்திலேயே தன் பாசனப் பரப்பில் சேர்த்துக் கட்டப்பட்ட அணை என்ற முறையில் வீடூர் சிறப்பிடம் பெறத்தக்கது. இங்கே பங்கு என்பது கன அடியில் எழுதப்பட்ட எண்ணாக இல்லாமல், குறிப்பிட்ட வயல்களாக, அவ்வயல்களில் நிற்கும் நாற்றாக இருக்கிறது; அணை திறக்கும் நாளில் இரு மாநில உழவர்களும் ஒரே வாய்க்காலை எதிர்பார்த்து நிற்கின்றனர்.

ஊசுட்டேரியின் நிலை பாகூர் ஏரி, வீடூர் அணை ஆகிய இரண்டிலிருந்தும் வேறுபட்டது. சங்கராபரணியின் குறுக்கே சுத்துக்கேணியில் உள்ள அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியாக நீர்பெறும் இவ்வேரி ஏறத்தாழ 540 மில்லியன் கன அடி கொள்ளும். நவீனப் பொறியியல் கட்டிய வீடூர் அணையின் கொள்ளளவில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவான நீரை முன்னோர் மண்கரை எழுப்பித் தேக்கியிருக்கின்றனர். இரு மாநில எல்லை ஏரியின் நீர்ப்பரப்பின் மேலேயே செல்கிறது. புதுச்சேரி தன் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. சில ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாடும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது. ஒரே நீரில் மிதக்கும் நாமக்கோழிக்கு இரண்டு அறிவிக்கைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

ஒன்றியப் பகுதியின் மற்றொரு வட்டாரமான, காவிரி நீர் பெறும் காரைக்காலின் வழி முற்றிலும் வேறு. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5இல் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவற்றின் பங்குகளை மாற்றியபோதும் அந்த 7 டி.எம்.சி.யைத் தொடவில்லை. வில்லியனூருக்கும் பாகூருக்கும் அத்தகைய எண் கிடையாது. பன்னாட்டு ஆறுகளைப் பற்றி 1966ஆம் ஆண்டின் எல்சிங்கி விதிகள் கூறும் நியாயமான பங்கீடு என்ற கோட்பாட்டையும், இந்தியாவின் 1956ஆம் ஆண்டு மாநிலங்களிடை நீர்த்தகராறுச் சட்டத்தையும் கொண்டு இச்சிறு வாய்க்கால்களை அளக்க முற்பட்டால், ஆற்றைவிடச் சட்டம் பெரிதாகிவிடும். எண் இல்லாமையை ஒரு குறையாக மட்டும் கருத வேண்டியதில்லை. எண்ணுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட நேராமல், மதகுக் காவலர், உதவிப் பொறியாளர் நிலையிலேயே பேசித் தீர்க்கும் வாய்ப்பை அது திறந்து வைத்திருக்கிறது. அவ்வாய்ப்பு பயன்படுத்தப்படாதபோதுதான் அது குறையாகிறது.

பயன்படுத்தப்படாமற்போனதற்குக் காரணம் மேல்நிலத்தின் அலட்சியம் மட்டுமன்று; கீழ்நிலத்தின் காலடியில் இருந்த மற்றொரு நீரும் காரணம். 1870களின் பிற்பகுதியிலேயே புதுச்சேரியில் ஆழ்துளையிட்டால் நீர் தானாகப் பீறிட்டு எழும் ஆர்ட்டீசியன் கிணறுகள் தோண்டப்பட்டன. இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த கிங் என்பவர் 1880இல் அவற்றைப் பற்றி எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் பாகூர்ப் பகுதியில் நீருக்காகத் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. பின்னாளில் நெய்வேலியில் உருவான சுரங்கத்தின் முதற்குறிப்புகளுள் அதுவும் ஒன்று. மின்சாரம் வயலுக்கு வந்தபின் ஆழ்குழாய்க் கிணறு ஏரியின் இடத்தைப் பிடித்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று போகங்களுக்கும் ஏரி மதகின் முறைக்குக் காத்திராமல் சுவிட்சைப் போட்டால் போதும் என்ற நிலை வந்ததும், முறைவைத்து நீர்விட்ட நீர்கட்டியின் பணியும், வரத்து வாய்க்காலைத் தூர்வாரும் கூட்டுப்பொறுப்பும் தளர்ந்தன. எல்லைக்கு அப்பால் வாய்க்கால் தூர்ந்தபோது எழுந்திருக்க வேண்டிய குரல், கிணற்றில் தண்ணீர் இருந்த வரையில் எழவில்லை. நிலத்தடி நீர் இறங்கி, கடலோர ஊர்களில் உவர்நீர் புகத் தொடங்கியபின்தான் ஏரிகளின் நினைவு திரும்பியது. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு ஏரிகள் சீரமைக்கப்பட்டு, ஏரிச் சங்கங்கள் மீண்டும் அமைக்கப்பட்டன. 2002இல் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. கரையும் மதகும் கலிங்கலும் சீராயின. ஆனால் அத்திட்டத்தின் மண்வெட்டி புதுச்சேரி எல்லையோடு நின்றது.

தென்பெண்ணையின் மேற்புறச் சிக்கலும் தீர்ந்தபாடில்லை. துணையாறான மார்க்கண்டேய நதியில் யார்கோள் அருகே கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் சென்றது. இடைக்காலத் தடை கேட்ட மனுவை 2019 நவம்பரில் தள்ளுபடி செய்த நீதிமன்றம், நடுவர் மன்றத்தை நாடும் வழியைச் சுட்டியது. அவ்வழக்கில் தமிழ்நாடு எடுத்துவைத்த 1892ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் நியாயமும், பாகூர் எடுத்துவைக்கும் 1910ஆம் ஆண்டு உடன்பாட்டின் நியாயமும் ஒன்றே.

நீர் குறையும்போது மட்டுமல்லாமல் மிகும்போதும் மேல்நிலத்தின் மதகே கீழ்நிலத்தின் விதியை முடிவு செய்கிறது. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின், டிசம்பர் 2ஆம் நாள் விடியலுக்கு முன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டக் கரையூர்களோடு பாகூர்ப் பகுதியின் பெண்ணையாற்றங்கரை ஊர்களிலும் வெள்ளம் புகுந்தது. கோடையில் ஒரு மடை நீருக்காகக் காத்திருந்த அதே வயல்கள் அன்று நீரில் மூழ்கின.

ஆண்டுதோறும் ஆடிமாதம் பிறக்குமுன், தமிழ்நாட்டு நீர்வளத்துறையினரும் புதுச்சேரிப் பொதுப்பணித்துறையினரும் இரு பக்கத்து ஏரிச் சங்கத்தாரோடு சொர்ணாவூர்த் தலைமதகிலிருந்து பாகூர் ஏரி வரை பங்காரு வாய்க்காலின் கரையில் ஒரு நாள் சேர்ந்து நடந்து, தூர்வார வேண்டிய இடங்களைக் குறித்து, செலவைப் பங்கிட்டு, ஐப்பசி மழைக்கு முன் பணியை முடிக்க வேண்டும். சாத்தனூரிலும் வீடூரிலும் உபரிநீர் திறக்குமுன் புதுச்சேரிக்கு நேரத்தோடு செய்தி வர வேண்டும். இதற்குப் புதிய நடுவர் மன்றமோ புதிய சட்டமோ தேவையில்லை. 1910இல் இரு அயல்நாட்டு அரசுகளுக்கு இயன்றது, ஒரே நாட்டின் இரு அரசுகளுக்கு இயலாதிருக்க நியாயமில்லை.